படத்தை மாற்றும் கை யாருடையது?

ஊரில் பூங்கா வரப்போகிறது என்றால் அதிகாரி வரைபடத்தை விரிப்பார். கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர் பேசுவார். அந்த இடத்தில் அன்றாடம் புழங்குபவர் பின்வரிசையில் வாய்மூடி இருப்பார். இந்த இடைவெளியைக் குறைக்க ஐ.நா. ஹேபிடட் அமைப்பு 2012-இல் கையில் எடுத்தது பிள்ளைகள் விளையாடும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்ட்டை.

அதை உருவாக்கிய ஸ்வீடனின் மொஜாங் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘பிளாக் பை பிளாக்’. தெரு, சுவர், மரம் எல்லாவற்றையும் உள்ளபடியே முதலில் கணினிக்குள் கட்டிவிடுகிறார்கள். ஒரு கட்டி என்பது ஒரு மீட்டர். பிறகு அப்பகுதி மக்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, இடித்தும் கட்டியும் தங்கள் விருப்பத்தைக் காட்டுகிறார்கள். எல்லோர் முன்பும் அதை விளக்குகிறார்கள். விவாதித்து முன்னுரிமை குறிக்கிறார்கள். அதன்பிறகே கட்டடக் கலைஞர் பேனாவை எடுக்கிறார்.

ஹைட்டியின் லே கே கடற்கரையில் எழுதப் படிக்கத் தெரியாத மீனவர்கள் இதைக் கற்று, வெள்ளத்தைத் தடுக்கும் சுவரைத் திரையில் எழுப்பினார்கள். வியட்நாமில் ஹனோய் அருகே கிம் சுங்கில் பள்ளி மாணவிகள் பாதுகாப்பான தெருக்களைத் திட்டமிட்டார்கள். மும்பையின் கௌதம் நகருக்கும் இந்த முறை வந்தது.

‘இங்கே இருட்டு’ என்று புகார் சொல்வதோடு நிற்காமல், விளக்கை எங்கே நடுவது என்று காட்ட முடிகிறது. அது தன் வாசலை மறைக்கும் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயே மறுக்கலாம். மேலிருந்து பார்க்கும் வரைபடம் இந்தச் சண்டைக்கு இடம் தருவதில்லை.

ஆனால் அழகான படம் ஆளை மயக்கவும் செய்யும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் ஹம்ஃப்ரி ரெப்டன், நிலப்பிரபுக்களுக்காகச் சிவப்பு அட்டைப் புத்தகங்கள் தயாரித்தார். ஓவியத்தின்மேல் ஒட்டிய தாளைத் தூக்கினால் பழைய காட்சி மறைந்து புதியது தெரியும். பார்ப்பவர் தாளைத் தூக்கலாம், ஓவியத்தைத் திருத்த முடியாது. இன்று மனை விளம்பரங்களில் வரும் முப்பரிமாணப் படங்களும் அந்த வழிதான். எந்தக் கோணத்தில் காட்டுவது, எந்தக் குப்பைமேட்டை விடுவது என்பதைத் தயாரிப்பவரே முடிவு செய்கிறார். அதனால்தான் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக அறிஞர் ஸ்டீபன் ஷெப்பர்ட், இத்தகைய காட்சிகளைத் தயாரிப்பவர்களுக்கு ஒரு நெறிமுறை வேண்டும் என்று வலியுறுத்தினார்.

திரையில் மக்கள் கட்டியதற்கும் கடைசியில் ஒப்பந்ததாரர் கைக்குப் போகும் வரைபடத்துக்கும் நடுவே பணம், நில உரிமை, பொறியியல் எல்லாம் குறுக்கிடும். எது நின்றது, எது ஏன் போனது என்று அதே மக்களைத் திரும்ப உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது கூட்டம் நடக்காத ஊரில் முதல் கூட்டம் வெறும் விளையாட்டுதான்.