புறப்படும் இடத்திலேயே தடுக்க வேண்டிய அஞ்சல்

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள பட்டுச்சேலைக் கடைகளைப் போன்ற சிறு வணிகங்களுக்கு வெளியூர் ஆர்டர்கள் மின்னஞ்சலிலும் வருகின்ற நிலையில், ‘கொள்முதல் ஆணை’ என்ற தலைப்பில் வந்து சேரும் இணைப்புக் கோப்பைத் திறக்காமல் விடுவது கடைக் கணக்கருக்கு எளிதன்று. கோப்பின் பெயர் பிடிஎஃப் என முடிவதாகத் திரையில் தெரிந்தாலும், விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும் கடைசி எழுத்துகளில் அது கணினியில் இயங்கும் நிரல் என்ற உண்மை ஒளிந்திருக்கலாம். 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் கையாண்டதும் இதே உத்திதான்.

ஆர்டரை நம்பிப் பிழைப்பவரிடம் விழிப்பாக இருக்கும்படி சொல்லிவிட்டு இணையச் சேவை நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்வது நியாயமன்று. வைரஸ் தொற்றிய கணினி, உரியவர் அறியாமலேயே, ஸ்பாம் எனப்படும் குப்பை அஞ்சல்களை ஆயிரக்கணக்கில் அனுப்பத் தொடங்குகிறது. அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, அஞ்சல் சர்வர்கள் தமக்குள் கடிதம் கைமாற்றும் 25ஆம் எண் போர்ட். வீடு, சிறுகடை இணைப்புகளில் அதை அடைத்துவிட்டு, கடவுச்சொல் கேட்கும் 587ஆம் போர்ட்டின் வழியே மட்டும் அஞ்சல் அனுப்பவிட்டால், எவருடைய கடிதத்தையும் பிரித்துப் பார்க்காமலேயே இவ்வகை ஸ்பாமைப் புறப்படும் இடத்தில் நிறுத்திவிடலாம்.

உள்ளே வரும் அஞ்சலில் இன்னும் நிதானம் தேவை. அனுப்புநர் முகவரி மெய்யானதா என்பதை எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்னும் சரிபார்ப்பு முறைகளால் பெருமளவு அறியலாம். இயங்கு நிரலைச் சுமந்து வருவதை வாசலிலேயே மறுக்கலாம். ஆனால் சந்தேகத்துக்குரியதைச் சொல்லாமல் அழிப்பது பெருந்தவறு. தை முகூர்த்தத்துக்கான உண்மையான ஆர்டர் ஒன்று அப்படி மறைந்துபோனால், அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருப்பார், கடைக்காரரோ அப்படி ஒன்று வந்ததையே அறியமாட்டார். ஆகவே மறுக்கப்படும் அஞ்சல் காரணத்துடன் அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். ஐயத்துக்குரியது தனிப் பெட்டியில் கிடக்க வேண்டும்.

தோற்றத்தை மறைத்து ஏமாற்றும் மின்னஞ்சலைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைப் பேச்சுரிமைக்கு எதிரானதென்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அத்தீர்ப்பு சரியானதே, எனினும் ஸ்பாம் மின்னஞ்சலுக்கென்று வேறொரு பிரிவு அவ்விடத்தில் வரவில்லை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளும் தொலைபேசி அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் உரியவை. எஞ்சியிருப்பது 2017இல் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரா: தொற்றுள்ள கணினிகளைக் கண்டறிந்து சேவை நிறுவனங்களுக்குத் தெரிவிப்பது அதன் பணிகளுள் ஒன்று. அந்தத் தகவல் கிடைத்ததும் நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லி, கணினி சீராகும்வரை இணைப்பு முழுவதையும் துண்டிக்காமல், வெளிச்செல்லும் அஞ்சலை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும்.