பழைய பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கும் முன்

செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்தவாசிச் சாலையோரம் சற்று நேரம் நின்றால் போதும். டி.என். 21 என்ற காஞ்சிபுரம் எண் தாங்கிய பழைய பொலிரோ பிக்கப்பும் டாடா 207-ம் அடிக்கடி கண்ணில் படும். நெல் மூட்டை, செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் என்று ஏதாவது ஒரு பாரம் மேலே இருக்கும். காலியாகத் திரும்பும்போது சில வண்டிகள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, மூக்கு தரையைப் பார்த்தபடி ஓடும். வேறு சில வண்டிகளுக்குப் பாரமே இல்லாவிட்டாலும் பின்பக்கம் தொங்கிக் கிடக்கும். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது வண்டிக்கு அடியில் இருக்கும் கமான் பட்டைதான்.

காஞ்சிபுரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பட்டும் கோயிலும். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டினால் ஏரிக்கரை வண்டித்தடம், உழுத வயல், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கல்குவாரிப் பாதை என்று வேறொரு உலகம். மழைக்காலத்தில் அந்தத் தடங்களில் பள்ளமும் சேறும் கேட்கவே வேண்டாம். பதினைந்து, இருபது வருடம் உழைத்த பிக்கப்பை வைத்திருப்பவர், 'பின்னாடி ரெண்டு இஞ்ச் தூக்கிக் கொடுங்க' என்று பட்டறைக்கு வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தேவை நியாயமானதுதான். அதை நிறைவேற்றும் வழியில்தான் தவறு நடக்கிறது.

வளைந்த எஃகுத் தகடுகளை நீளவாரியாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்ததுதான் கமான் பட்டை. லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் 1804-இல் குதிரை வண்டிக்கு இப்படிப்பட்ட வில் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இருநூறு வருடங்களுக்குப் பிறகும் சரக்கு வண்டிகள் அதை விடவில்லை. தாங்குவது, அதிர்வை வாங்குவது, அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பது என்று மூன்று வேலையையும் ஒரே பாகம் செய்துவிடுகிறது. மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய 1940-களிலும் இதுதான். டாடா தன் முதல் பிக்கப்பான டாடா மொபைலை 1988-இல் கொண்டுவந்தபோதும் பின்பக்கத்தில் இதுதான்.

ஒரு வண்டியின் பின்பக்கம் ஏன் தாழ்ந்தது என்று பார்க்காமல் உயர்த்துவது, காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மாத்திரை கொடுப்பது மாதிரி. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அங்கே ஏதோ ஒரு தகடு உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். தகட்டுக் கட்டைக் கழற்றிப் பிரித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தகடுகளுக்கு நடுவே துரு பொருக்குப் பொருக்காக உதிரும். மேல் தகட்டின் அடியில், கீழ்த் தகட்டின் நுனி உரசி உரசிப் பள்ளம் பறித்திருக்கும். கமானின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்களில் ரப்பர் கருகி, ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். சென்டர் போல்ட் துண்டாகியிருந்தால் விஷயம் இன்னும் மோசம். அச்சு இடம் நகர்ந்து, வண்டி நேராகப் போனாலும் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வரும். இவற்றைச் சரிசெய்தாலே போன உயரம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பலருக்கு வேண்டியதும் அந்தப் பழைய உயரம்தான்.

அதற்கு மேலும் உயரம் வேண்டும் என்றால் பட்டறைகளில் உடனே சொல்லும் வழி, கூடுதலாக ஒரு தகடு சேர்ப்பது. செலவு குறைவு, நேரமும் குறைவு. ஆனால் எந்தத் தடிமன் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 6 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் 7 மில்லிமீட்டர் தகடு போட்டால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான், விறைப்போ ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். கையில் கிடைத்த பழைய லாரித் தகட்டை வெட்டிச் சொருகிய பிக்கப் காலியாக ஓடும்போது கல் மாதிரி குதிப்பது இதனால்தான். குதிக்கிற சக்கரம் தரையைப் பிடிக்காது. சேற்றில் ஏறுவதற்காகத் தூக்கிய வண்டி, அந்தச் சேற்றிலேயே பிடி இல்லாமல் சுற்றும்.

நீளமான ஷேக்கிள் போடுவது இன்னொரு வழி. கமானின் ஒரு முனை மட்டுமே இறங்குவதால் ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் உயரம் ஒரு அங்குலம்தான் கூடும். கூடவே அச்சும் கொஞ்சம் திரும்பிவிடும். அச்சுக்கும் கமானுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பதும் உண்டு. முறையாக வார்த்த ஒற்றைக் கட்டை என்றால் பின்பக்கத்துக்குப் பரவாயில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை அடுக்குவதை எந்த நல்ல மெக்கானிக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார். பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும், கட்டை நழுவவும் வாய்ப்பு உண்டு.

பழைய தகடுகளுக்கே மறுபடி வளைவு கொடுப்பதும் நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கம். நிதானமாகக் குளிர்நிலையில் அழுத்தி வளைத்தால் சில காலம் தாங்கும். கேஸ் வெல்டிங் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைப்பதுதான் ஆபத்து. ஸ்பிரிங் எஃகைச் சுமார் 850 டிகிரிக்கு மேல் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, பிறகு குறைந்த சூட்டில் பதப்படுத்தித்தான் ஆலையில் அந்த வலுவைக் கொண்டுவருகிறார்கள். ஒரு இடத்தில் மட்டும் நெருப்பு பட்டால் அந்த இடத்தின் பதம் போய்விடும். தகடு பிறகு அங்கேதான் முறியும்.

உயர்த்திய பிறகு கவனிக்க வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கின்றன. பல பிக்கப்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு ஒன்று உண்டு. பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். பாடி உயர்ந்துவிட்டால், வண்டி காலியாக இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும். முழுப் பாரத்தோடு பிரேக்கை மிதிக்கும்போதும் பின் சக்கரத்துக்குப் பாதி வேலைதான் போகும். அந்தக் கம்பியை மறுபடி சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுப்பது உயிரோடு விளையாடுவது. பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் அதிகக் கோணத்தில் சுழன்று அதிர்கிறதா, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் குத்தாமல் தாழ்ந்து சாலையை மட்டும் பார்க்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். கமானை உயர்த்தினால் பாடிதான் உயரும். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த உயரத்திலேயே இருக்கும். கல்குவாரிப் பாதையில் முதலில் இடிபடுவதும் அதுதான். அதை உயர்த்த டயரின் விட்டம் கூட வேண்டும். டயரைக் கூட்டினால் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும், இழுவையும் குறையும். அளவோடு நிற்பதே நல்லது.

சட்டம் இதில் கண்டிப்பானது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் தேதி, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதிகப் பாரத்துக்கான அபராதமோ 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் ஏறும். கமான் வலுவானதால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய பாரம் ஒரு கிலோகூடக் கூடாது. அச்சும் பேரிங்கும் டயரும் பிரேக்கும் பழையவைதானே!

ஆஸ்திரேலியாவின் மண் சாலைகளில் பிக்கப் ஓட்டுபவர்களும் பின்பக்கத்தை உயர்த்துகிறார்கள். 1975-இல் மெல்போர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் 'ஓல்டு மேன் எமு' ஸ்பிரிங்குகள் அங்கே பிரபலம். அவற்றை வாங்கும்போது வண்டியில் நிரந்தரமாக எத்தனை கிலோ ஏறியிருக்கும் என்பதுதான் முக்கியமான கேள்வி. அந்தக் கணக்குக்கு ஏற்பத் தகட்டுக் கட்டும் ஷாக் அப்சார்பரும் ஒரு ஜோடியாகவே கிடைக்கும்.

காஞ்சிபுரத்திலும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். பட்டறைக்குப் போகும் முன் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஒரு எடைமேடையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலியாக ஒரு அளவு, பாரத்தோடு ஒரு அளவு என்று உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் அளவிலேயே புதுக் கட்டு கிடைத்தால் அதையே போடுங்கள். சென்டர் போல்ட், புஷ், கமானை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும், கழற்றிய யூ-போல்ட்டைத் திரும்பப் பூட்ட விடாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறக்காமல் போய் யூ-போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிக்கொண்டு வாருங்கள்.