முயலின் கண்ணில் நீர் வடிந்தால்

நமது சங்க அங்கத்தினர்கள் பலருடைய வீடுகளில் ஆடு, மாடு, கோழிகளோடு முயலும் இடம்பெற்றிருப்பதைக் காண்கிறோம். குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்று சந்தையில் ஒன்றை வாங்கி வந்து, தறிக்கூடத்தின் மூலையில் கம்பிக்கூண்டு ஒன்றை வைத்துவிடுகிறோம். மாட்டுக்கு நோய் கண்டால் ஊரில் பத்துப் பேர் வழி சொல்வார்கள். முயலுக்கு நோய் கண்டால் சொல்வார் இல்லை. சொல்பவர்களும் மாட்டு வைத்தியத்தையோ மனித வைத்தியத்தையோ அதற்குப் பொருத்திச் சொல்வார்கள். அவ்வாறு பொருத்திப் பார்த்து நாம் பட்ட பாட்டை முதலில் கூறிவிடுகிறோம்.

நம் வீட்டு வெள்ளை முயலுக்கு அப்போது மூன்று வயது. ஒரு மார்கழிக் காலையில் அதன் இடக்கண் பாதி மூடியிருந்தது; கண்ணின் கீழே உரோமம் நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. பாவில் இருந்து பறக்கும் பஞ்சுத்தூசி விழுந்திருக்கும் என்று கருதித் துடைத்து விட்டோம். மறுநாளும் அதே நிலை. பக்கத்து வீட்டுப் பாட்டி நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைக்கச் சொன்னார். வேறொருவர் விளக்கெண்ணெய் என்றார். இவற்றையெல்லாம்விட நாம் செய்ததே பெரிய பிழை. நம் தாயாருக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்திருந்த சொட்டு மருந்து அலமாரியில் மிச்சம் இருந்தது. மனிதக் கண்ணுக்கே உகந்த மருந்து முயலுக்கு என்ன தீங்கு செய்துவிடும் என்று எண்ணி, நாளுக்கு மூன்று வேளை விட்டோம். முதல் நாள் சிவப்புக் குறைந்தாற்போலத் தோன்றியது. மூன்றாம் நாள் கருவிழியின் மேல் பால் தெளித்தாற்போல் ஒரு வெண்புள்ளி கண்டது. முயல் கூண்டின் மூலையில் குன்றி உட்கார்ந்து, வைத்த தீனியைத் தொடவில்லை. புழுக்கைகள் மிளகளவாகச் சிறுத்து, பிறகு அறவே நின்றுவிட்டன.

அன்று பகலிலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். கூண்டைத் திறப்பதற்கு முன் அவர் கேட்ட முதற்கேள்வி கண்ணைப் பற்றியதன்று. "கடைசியாக எப்போது சாப்பிட்டது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பொருளை அங்கத்தினர்கள் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். முயலின் குடல் இடைவிடாது இயங்க வேண்டிய இயந்திரம். வலியினால் அது தின்பதை நிறுத்தினால் குடலும் நின்றுபோகும். வயிற்றில் வாயு நிறையும். அரைநாள் முழுதும் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. கண் கெட்டதனால் முயல் சாவதில்லை; கண் வலியால் பட்டினி கிடந்து சாகிறது. ஆகையால் கண்ணில் நீர் வடிந்தாலும் முயல் தின்றுகொண்டிருந்தால் மறுநாள் காலை வரை பொறுக்கலாம். தின்னாவிட்டால் அன்றே புறப்பட வேண்டும்.

மருத்துவர் அடுத்து ஒரு சோதனை செய்தார். ஃபுளோரசின் என்னும் சாயம் தோய்ந்த காகிதக் கீற்று ஒன்றை நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவிவிட்டு, நீல விளக்கால் பார்த்தார். வெண்புள்ளி இருந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. எண்ணெய்ப்பசையும் மெழுகும் நீங்காத நூலில் சாயம் ஏறாது. வேகவைத்து அவற்றை நீக்கிய நூல் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். கருவிழியின் மேற்படலம் முழுமையாக இருக்கும்வரை அச்சாயம் வழிந்து ஓடிவிடும். எங்கே படலம் உரிந்து புண்ணாகியிருக்கிறதோ அங்கே மட்டும் பற்றிக்கொள்ளும். நம் முயலுக்குக் கருவிழியில் புண் இருந்தது. நாம் விட்ட சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். அதே சமயம் புண் ஆறுவதையும் தடுத்து, கிருமிகளுக்கு இடம் கொடுத்துவிடும். இன்னும் சில நாட்கள் விட்டிருந்தால் கருவிழி துளைபட்டுப் போயிருக்கக் கூடும். முதல் நாள் சிவப்புக் குறைந்ததைக் கண்டு நாம் மகிழ்ந்தது எவ்வளவு அறியாமை என்பது அப்போதுதான் விளங்கிற்று. சாயச் சோதனை செய்யாமல் எந்த முயலின் கண்ணிலும் ஸ்டீராய்டு கலந்த மருந்து விடலாகாது. புட்டியின் மேல் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது அவ்வகை மருந்தென்று அறிக.

புண் எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. உலர்புல்லின் நுனி குத்தியிருக்கலாம். மற்றொரு முயலின் நகம் பட்டிருக்கலாம். இமை உள்மடங்கி மயிர் உரசியிருக்கலாம். முயல் அடிக்கடி இமைக்காத பிராணி. மணிக்கு ஏறக்குறைய 10 முறைதான் இமைக்கும். ஆகவே விழுந்த தூசியும் எளிதில் வெளியேறுவதில்லை. ஆனால் மருத்துவர் இவற்றோடு நிற்காமல் கண்ணின் உள்மூலையை விரலால் மெல்ல அழுத்தினார். தயிர் போன்ற வெண்சீழ் ஒரு சொட்டு கீழிமையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. "வாயைப் பார்க்க வேண்டும்" என்றார். கண்ணுக்கு வந்த முயலின் வாயை ஏன் பார்க்க வேண்டும் என்று நாம் வியந்தோம்.

வயலுக்கு நீர் பாய்ச்சுகிற அங்கத்தினர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கண்ணில் ஊறும் நீர் வடிந்து மூக்குக்குள் செல்ல ஒரு வாய்க்கால் உண்டு. மனிதனுக்கு அதன் தலைப்பில் மேலிமையில் ஒன்றும் கீழிமையில் ஒன்றுமாக இரண்டு மடைகள். முயலுக்குக் கீழிமையில் ஒரே மடைதான். அந்த வாய்க்காலும் நேராக ஓடுவதில்லை. மேற்பற்களின் வேர்களை ஒட்டி வளைந்து, வளைவுகளில் குறுகிச் செல்கிறது. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. புல்லை மணிக்கணக்கில் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போது அவை தேய்ந்து சரியான அளவில் நிற்கும். மென்மையான ஆகாரமே கொடுத்து வந்தால் தேய்வு குறைகிறது. அப்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று முட்டி, வாய்க்குள் வளர இடமின்றி, வேர்ப்பக்கமாகப் பின்னோக்கி வளரத் தொடங்குகின்றன. மேற்பல்லின் வேர் வாய்க்காலை நெரிக்கிறது. நீர் தேங்குகிறது, தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சீழாகிறது, மடை அடைபட்டதும் கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. சீழ் படிந்து உறுத்திக்கொண்டிருக்கும் கண்ணை முயல் முன்காலால் தேய்க்கத் தேய்க்கப் புண்ணும் உண்டாகிறது.

எக்ஸ்ரே படத்தில் நம் முயலின் மேல் முன்பல்லின் வேர் நீண்டிருந்தது தெரிந்தது. நாம் அதற்கு மூன்று ஆண்டுகளாகக் கொடுத்து வந்தது காரட், முட்டைக்கோசு, சோறு, குழந்தைகள் அன்போடு நீட்டிய பிஸ்கோத்து. புல் என்பது எப்போதாவது ஒரு பிடி. வரப்பெல்லாம் அறுகம்புல் விளையும் ஊரில் இருந்துகொண்டு முயலுக்குப் பிஸ்கோத்துப் போட்டவர்கள் நாம்.

மருத்துவர் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, அந்த ஒற்றை மடையின் வழியே மெல்லிய குழாய் செருகி, வெதுவெதுப்பான உப்புநீரைச் செலுத்தினார். முதலில் திரும்பி வழிந்தது. இரண்டாம் முறை மூக்குத் துளையில் வெண்கட்டியாக வெளிப்பட்டது. பிறகு தெளிந்த நீராக வந்தது. வலிக்கு மருந்தும், ஸ்டீராய்டு கலவாத கிருமிக்கொல்லிச் சொட்டும் கொடுத்தார். புல்மாவைக் கரைத்து ஊசியில்லாப் பீச்சாங்குழலால் கடைவாயில் சிறிது சிறிதாக ஊட்டச் சொன்னார். அன்றிரவு இரண்டு மணிக்கு முதல் புழுக்கையைக் கண்டபோது வீட்டில் எழுந்த மகிழ்ச்சியை இங்கே எழுதினால் சிலர் நகைக்கக் கூடும்.

நீர் வடியும் கண்ணெல்லாம் பல்லினால் வந்ததன்று. இரு கண்களிலும் நீர் வடிந்து, தும்மலும் மூக்குச்சளியும் இருந்து, முன்கால்களின் உட்புற உரோமம் சளியைத் துடைத்துத் துடைத்துத் திரண்டிருக்குமானால் அது சுவாச நோய். பாஸ்டுரெல்லா என்னும் நுண்ணுயிர் பெரும்பாலும் இதற்குக் காரணமாகிறது. கூட்டமாக வளர்ப்போர் அம்முயலைப் பிரித்து வைக்க வேண்டும். இரு கண்களும் சிவந்து வேறு குறி ஒன்றும் இல்லையெனில், கூண்டின் தட்டருகே குனிந்து முகர்ந்து பாருங்கள். சிறுநீரின் அம்மோனியா நெடி நம் மூக்கையே சுடுமானால், அதன்மேல் நாள் முழுதும் இருக்கும் பிராணியின் கண் என்ன பாடுபடும்? தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசி, பாவுக்கஞ்சி காய்ந்து பறக்கும் மாவு, சாயப்பட்டறையின் சலவைத்தூள் நெடி ஆகியவையும் இவ்வாறே. கூண்டை அங்கிருந்து அகற்றுவதே பாதி வைத்தியம்.

வேறொரு வகை நோய் இதைவிடச் சூழ்ச்சியானது. கண்ணில் சீழ் இராது. வலி அதிகம் தெரியாது. ஆனால் பாப்பாவை ஒட்டி, கண்ணின் உள்ளே, பஞ்சுத் துண்டு போன்ற ஒரு வெண்திரள் தோன்றும். பெரும்பாலும் ஒரு கண்ணில், இளம் முயலில் வரும். கண்புரை என்றோ சீழ்க்கட்டி என்றோ மயங்குவதற்கு இடமுண்டு. என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்னும் நுண்ணுயிர், முயல் தாய் வயிற்றில் இருக்கும்போதே விழியின் வில்லைக்குள் புகுந்து, பின்னர் வில்லையின் உறையைப் பிளந்துவிடுவதால் இது நேர்கிறது. அதே நுண்ணுயிர் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஆகவே தலை ஒருபக்கம் சாய்தல், பின்கால் தள்ளாடுதல், சிறுநீர் தானே ஒழுகுதல் ஆகியவை உண்டா என்று கவனித்து மருத்துவரிடம் கூற வேண்டும். இரத்தச் சோதனை உண்டு. ஆனால் அது முயலுக்கு அந்நுண்ணுயிரோடு பழக்கம் ஏற்பட்டதைக் காட்டுமே தவிர, இப்போதைய நோய் அதனால்தான் என்று உறுதி சொல்லாது. ஃபென்பெண்டசோல் என்னும் மருந்தை வழக்கமாக 28 நாட்கள் கொடுக்கிறார்கள். இந்த நோயில் வீக்கத்தை அடக்க மருத்துவரே சில சமயம் ஸ்டீராய்டுச் சொட்டு எழுதுவதுண்டு. புண் இல்லை என்று சாயத்தால் உறுதி செய்த பின்னரே எழுதுவார். ஒரே மருந்து ஒரு கண்ணைக் காக்கும், இன்னொரு கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நுண்ணுயிர் சிறுநீரில் வெளிப்படுவதாலும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய மனிதரையும் அது தொற்றக் கூடுமாதலாலும், கூண்டைச் சுத்தம் செய்தபின் கைகழுவ மறக்கலாகாது.

கண் பிதுங்கி நிற்குமானால் விஷயம் கடுமையானது. ஒரு கண் மட்டும் முன்தள்ளி நின்றால், பின்பற்களின் வேரில் இருந்து கிளம்பிய சீழ்க்கட்டி கண்குழியின் பின்னே திரண்டிருக்கலாம். முயலின் சீழ் தடித்த களிம்பு போன்றது, கீறிவிட்டால் வடிந்துவிடுவதன்று, அறுவைதான் வழி. விழியே பருத்து நீலம் பாய்ந்தாற்போல் மங்கினால் கண்ணின் உள்நீர் அழுத்தம் மிகும் கிளாக்கோமா என்று ஐயுற வேண்டும். நியூசிலாந்து வெள்ளை இனத்தில் இது பரம்பரையாக வருவதுண்டு. அத்தகைய முயலை இனப்பெருக்கத்துக்கு விடலாகாது. இரு கண்களும் ஒரே சமயத்தில் பிதுங்கினால் மார்புக்குள் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கக் கூடும். எக்ஸ்ரே எடுக்காமல் தெரியாது.

வெளிநாட்டு நூல்களைப் படிப்போர் மிக்சோமா நோயைக் கண்டு அஞ்சுகிறார்கள். இமைகள் பருத்து மூடிக்கொள்ளும் அந்நோயை, காட்டு முயல்களை ஒழிப்பதற்கென்றே 1950-ல் ஆஸ்திரேலியாவில் பரப்பினார்கள். 1952-ல் பிரான்சிலும் 1953-ல் பிரிட்டனிலும் அது தோன்றியது. கொசுவும் தெள்ளும் அதைப் பரப்புகின்றன. அந்நாட்டு நூல்களில் அது முதல் பக்கத்தில் இருப்பதற்கு அதுவே காரணம். வெள்ளை முயலின் கண் சிவப்பாக இருக்கிறதே என்று ஓர் அங்கத்தினர் கேட்டதும் உண்டு. அது நிறமி இல்லாமையால் வரும் இயற்கை நிறம், நோயன்று.

மருந்தைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. சீழ் என்றதும் மனிதருக்கான ஆமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடித்து வாயில் போடும் வழக்கம் ஆங்காங்கே இருக்கிறது. பென்சிலின் இனத்து மருந்துகளும் கிளிண்டாமைசினும் வாய்வழியாகச் சென்றால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சுக் கழிச்சலை உண்டாக்கிக் கொன்றுவிடக் கூடும். கண்ணுக்குக் கொடுத்த மருந்து உயிரைக் கொண்டுபோனது என்று சொல்லும்படி ஆகிவிடும்.

சொட்டு விடும் முறையும் அறியத்தக்கது. முயலைக் காதைப் பிடித்துத் தூக்கலாகாது. ஒரு துண்டில் உடலையும் பின்கால்களையும் இறுகச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். திமிறிப் பின்கால்களை உதறினால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக் கூடும். மல்லாத்திப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கும். அது அமைதியன்று, அச்சம். காய்ந்த பீளையைக் கிள்ளி எடுக்காமல், கொதித்து ஆறிய உப்புநீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். இரண்டு வகைச் சொட்டு கொடுத்திருந்தால் இடையே ஐந்து நிமிடம் விடுக. சிறு ஊர் மருந்தகத்தில் முயலின் மடையைக் கழுவும் கருவி இல்லாதிருப்பது இயல்பு. அந்நிலையில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி போன்றவற்றை நாடலாம். பயணத்தில் கூண்டுக்குள் புல் இருக்கட்டும்.

நம் முயல் இப்போது ஆறாவது வயதில் நடக்கிறது. கருவிழியில் கடுகளவு வெண்தழும்பு நிலைத்துவிட்டது. பல்லின் வேர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆதலால் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் வாய்க்காலைக் கழுவ வேண்டியிருக்கிறது. கூண்டு தறிக்கூடத்தில் இருந்து திண்ணைக்கு மாறியது. காலையும் மாலையும் அறுகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும், இரவில் உலர்புல்லும் கிடைக்கின்றன. பிஸ்கோத்தைக் குழந்தைகளே தின்றுகொள்கிறார்கள். இடப்பக்கமாக அணுகும்போது மட்டும் குரல் கொடுத்துவிட்டுத்தான் தொடுகிறோம்.