ஆறு வயதில் வரும் பல்

ஆறு வயது நிரம்பிய பிள்ளையின் வாயில் இரண்டு நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடைபெறுகின்றன. ஒன்று எல்லார் கண்ணுக்கும் தெரிவது. கீழ்த்தாடையின் முன்பற்கள் ஆடத் தொடங்குகின்றன. பிள்ளை நாவினால் அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்க்கின்றது. ஒருநாள் பல் கழன்று கைக்கு வந்துவிடுகின்றது. அதனைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்பது வீட்டார் கூடி மகிழும் ஒரு சிறு விழா. மற்ற நிகழ்ச்சியோ ஓசையின்றி நடப்பது. கடைசிப் பாற்பல்லுக்கும் அப்பால், கன்னத்தின் உட்புறத்தே, பல்முரசைக் கீறிக்கொண்டு பெரியதொரு பல் தலைகாட்டுகின்றது. அதற்கு இடம் விடுவதற்காக எந்தப் பாற்பல்லும் விழுவதில்லை. ஆதலின் அது வந்த செய்தி வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்காக வரும் இக்கடைவாய்ப் பற்கள் நிலைப்பற்களாகும். எழுபது வயதிலும் சோறு மெல்ல வேண்டிய பற்கள் அவை. ஆயினும் மடவளையிலும் சரி, கண்டியைச் சூழ்ந்த ஏனைய ஊர்களிலும் சரி, பெற்றோர் பலர் அவற்றைப் பாற்பற்கள் என்றே எண்ணிவிடுகின்றனர். பிள்ளைக்கு எட்டு வயதில் பல்வலி வருகின்றது. "பாற்பல்தானே, விழுந்தால் முளைக்கும்" என்று உம்மாவும் வாப்பாவும் ஆறுதல் கூறிக் கராம்பெண்ணெய் வைக்கின்றனர். வலி பொறுக்க முடியாத கட்டத்தில் வைத்தியரிடம் கொண்டுசெல்லும்போது, பல்லைக் காப்பாற்றும் காலம் கடந்திருக்கும். பிடுங்கிய இடத்தில் மறுபடி ஒன்றும் முளைப்பதில்லை.

நிலைப்பற்களுள் முதன்முதல் சூத்தை பிடிப்பது பெரும்பாலும் இந்தப் பல்லையே. இதற்குக் காரணங்கள் உண்டு. அதன் மேற்பரப்பில் ஆழ்ந்த பள்ளங்களும் கோடுகளும் இருக்கின்றன. அவற்றினுள் உணவு தங்கிவிடுகின்றது. வாயின் கோடியில் இருப்பதால் பிள்ளையின் தூரிகை அங்கே எட்டுவதில்லை. புதிதாக வந்த பல்லின் மிளிரி முதிர்ச்சியடையச் சில ஆண்டுகள் செல்லும். அந்த ஆண்டுகளிலேதான் பாடசாலை வாயிலில் டொபியும் ஐஸ்பழமும் பிள்ளைக்கு அறிமுகமாகின்றன. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன; அமிலம் மிளிரியைக் கரைக்கின்றது. எவ்வளவு சீனி என்பதிலும் பார்க்க எத்தனை தடவை என்பதே இங்கு முக்கியம். உணவோடு ஒருமுறை இனிப்பு உண்ணும் பிள்ளையைவிட, நாள் முழுவதும் ஒவ்வொரு டொபியாக வாயில் அடக்கிக்கொள்ளும் பிள்ளையின் பல்லே விரைவில் கெடும்.

கண்டிப் பிரதேசத்தார்க்கு இன்னுமொரு குறை உண்டு. பல்லை உறுதிப்படுத்தும் புளோரைட் என்னும் பொருள் அனுராதபுரம் முதலிய உலர்வலயப் பகுதிகளின் கிணற்று நீரில் மிகுந்து காணப்படுகின்றது. அங்கே பிள்ளைகளின் பற்களில் வெண்மையும் பழுப்புமான கறைகள் படிவதற்கு அதுவே காரணம். ஈரவலய மலைநாட்டு நீரிலோ அப்பொருள் மிகக் குறைவு. நீர் தராததைப் பற்பசை தரவேண்டியிருக்கின்றது. ஆதலின் புளோரைட் கலந்த பற்பசையைக் கொண்டு நாளுக்கு இருமுறை, அதிலும் இரவு உறங்குமுன் தவறாது, பல் துலக்குவது இப்பகுதிப் பிள்ளைகளுக்கு இன்றியமையாதது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசை போதும், அதன்பின் பட்டாணியளவு. துலக்கிய பின் நுரையைத் துப்பினாற் போதுமானது. நிறைய நீர்விட்டுக் கொப்பளித்தால் பசையின் பயன் கழுவுண்டு போகும். உகாய் மரத்தின் வேரும் கொம்புமாகிய மிஸ்வாக் குச்சியைத் தொழுகைக்கு முன் பயன்படுத்தும் வழக்கம் மடவளையில் நன்கு வேரூன்றியது. அது மிக நல்ல வழக்கமே. ஆனால், முன்பற்களை மட்டும் தேய்த்துவிட்டுக் கடைவாயை மறந்தால் மிஸ்வாக்கும் தூரிகையும் ஒன்றுதான். கரித்தூளும் செங்கற்பொடியும் மிளிரியை அராவிவிடும்.

பாற்பற்களைப் பேணுவதால் என்ன பயன், எப்படியும் அவை விழுவனதாமே என்று கேட்பாருண்டு. இக்கேள்விக்கு விடை கண்டிக்குச் செல்லும் பஸ்ஸில் கிடைக்கும். நெரிசலான பஸ்ஸில் ஒருவர் சிறிது எழுந்து போக வேண்டுமாயின், ஆசனத்தில் தம் கைக்குட்டையை விரித்துவிட்டுப் போகின்றார். கைக்குட்டை இருக்கும்வரை இடம் அவருடையது. அது இல்லையாயின் பக்கத்திலிருப்பவர் நகர்ந்துகொள்வார்; திரும்பி வந்தவர் நிற்கவேண்டியதுதான். பாற்பல் என்பது வரப்போகும் நிலைப்பல்லின் கைக்குட்டை. பின்வரிசைப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கவேண்டியவை. அவை சூத்தையினால் ஏழு வயதிலேயே பிடுங்கப்பட்டால், ஆறு வயதில் வந்த கடைவாய்ப்பல் வெற்றிடத்தை நோக்கி முன்னே சரிகின்றது. பின்னர் வரும் முன்கடைவாய்ப்பல் தனக்கு இடமின்றி உள்ளே தங்கும். அல்லது கோணலாக வெளிப்படும். மேல்தாடையில் பதினொன்று, பன்னிரண்டு வயதில் காலந்தாழ்த்தி வரும் வேட்டைப்பல்லின் நிலை இன்னும் பரிதாபம். எல்லா ஆசனங்களும் நிரம்பிய பின் வருவதால், அது வரிசைக்கு மேலே உதட்டை முட்டிக்கொண்டு நிற்கின்றது. இதனையே சிங்கப்பல் என்றும் தெற்றுப்பல் என்றும் சொல்கின்றோம். தெற்றுப்பல் அதிர்ஷ்டம் என்று சொல்வதும் உண்டு. அதிர்ஷ்டமோ இல்லையோ, உணவு சிக்கும் இடம் என்பது உறுதி.

இதனைத் தடுக்க வழியுண்டு. பாற்பல்லைப் பிடுங்க நேர்ந்தால், அவ்விடத்தைக் காத்துவைக்கும் சிறு கம்பி வளையம் ஒன்றைப் பல் வைத்தியர் பொருத்தலாம். ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களையும் சூத்தை பிடிக்குமுன் மெல்லிய பூச்சினால் அடைத்துவிடலாம். அதற்கு ஊசியும் தேவையில்லை, துளைப்பதும் தேவையில்லை.

எனினும் கோணற்பற்கள் யாவும் கவனக்குறைவால் வந்தவை என்று எந்தத் தாயையும் குற்றஞ்சாட்டுதல் தகாது. தாடை சிறுத்தும் பற்கள் பெருத்தும் இருப்பது பரம்பரையாக வருவது. நான்கைந்து வயதுக்குப் பின்னும் விரல் சூப்பும் பழக்கம் மேற்பற்களை முன்னே தள்ளும். மூக்கடைப்பினால் எப்போதும் வாயால் மூச்சுவிடும் பிள்ளைகளுக்கும் தாடையின் வளர்ச்சி வேறுபடுவதுண்டு. அவர்களை முதலில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பல்லை ஒழுங்குபடுத்துதல் வெறும் அழகுக்காகச் செய்யும் ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கின்றது. வகுப்பறையை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். விடை தெரிந்திருந்தும் கையை வாயில் பொத்திக்கொண்டு எழும் மாணவியை அவர்கள் பார்த்திருப்பார்கள். அன்றியும், துருத்திய மேற்பற்கள் விளையாட்டு மைதானத்தில் எளிதில் அடிபடுகின்றன. (இங்கே ஆசிரியர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒன்று: நிலைப்பல் அடிபட்டு முழுதாக வெளியே வந்துவிட்டால் அதை எறிந்துவிடலாகாது. வேரைத் தொடாமல், வெண்மையான தலைப்பகுதியைப் பிடித்தெடுத்து, பாலில் இட்டு, அரைமணி நேரத்துக்குள் பல் வைத்தியரிடம் சேர்த்தால் மீண்டும் பொருத்த வாய்ப்பு மிகுதி. பாற்பல்லை அவ்வாறு பொருத்துவதில்லை.)

எலும்பில் ஊன்றிய பல்லை எவ்வாறு நகர்த்த முடியும் என்பது பலருக்கு வியப்பாகலாம். பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்களால் குழிக்குள் கட்டப்பட்டிருக்கின்றது. ஒரு பக்கமாக மெல்லிய அழுத்தம் இடைவிடாது கொடுக்கப்பட்டால், முன்பக்கத்து எலும்பைச் சில கலங்கள் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. பின்பக்கத்தில் வேறு சில கலங்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. வரப்பை ஒருபுறம் வெட்டி மறுபுறம் அணைப்பது போன்ற வேலை இது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் பல் நகரும். கம்பியைப் பலமாக இறுக்கினால் விரைவில் முடியும் என்பது தவறு. மிகுந்த அழுத்தம் வேரையே கெடுத்துவிடும்.

பிரான்ஸ் நாட்டின் பியர் போஷார் 1728இல் வெளியிட்ட நூலில், பற்களை உலோகப் பட்டையோடு நூலால் கட்டி வரிசைப்படுத்தும் முறை விவரிக்கப்பட்டிருக்கின்றது. அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899இல் கோணற்பற்களை மூவகையாகப் பிரித்தார்; அவர் அளவுகோலாகக் கொண்டது வேறெதுவுமன்று, இந்த ஆறு வயதுப் பல்லையே. ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்டும் தொல்லை நெடுங்காலம் இருந்தது. 1955இல் மைக்கல் புவனகோர் மிளிரியை அமிலத்தால் சிறிது சொரசொரப்பாக்கிப் பசையை ஒட்டவைக்கும் முறையைக் கண்டறிந்த பின்னரே, இன்று காணும் சிறு பொத்தான்களைப் பல்லின்மீது நேரே ஒட்டுவது கைகூடிற்று. வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கு மீளும் நிக்கல், டைட்டேனியம் கலந்த கம்பி 1970களில் வழக்குக்கு வந்தது.

மடவளை மக்கள் இச்சிகிச்சைக்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவப் பட்டக்கல்வி 1950களில் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஜப்பானிய உதவியுடன் எழுந்த புதிய போதனா பல் வைத்தியசாலை 1998 முதல் இயங்குகின்றது. இலங்கைப் பல் வைத்தியர்களுள் மிகப் பெரும்பாலார் அங்கே கற்றவர்களே. நியூஸிலாந்து 1921இல் ஆரம்பித்த பாடசாலைப் பல் தாதியர் முறையும் இலங்கைக்கு வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் மஹரகமவில் அவர்களுக்குப் பயிற்சி நிலையம் அமைந்தது. அவ்வழி வந்த பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இன்றும் சிறுவர்களின் பற்களைப் பார்வையிடுகின்றனர். அவர்கள் கொடுத்தனுப்பும் துண்டைப் புத்தகப்பைக்குள் மடித்து மறந்துவிடாமல் இருந்தாலே பாதிக் காரியம் நிறைவேறும்.

ஏழு, எட்டு வயதிலேயே ஒருமுறை பல்லொழுங்கைக் காட்டிவிடுவது நன்று. கம்பி பொருத்துவது பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில். சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை நீளும். அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமில்லை, ஆனால் காத்திருக்கவேண்டும். மாதந்தோறும் கண்டிக்குப் போய் அங்கிருந்து பேராதனைக்கு மற்றொரு பஸ் ஏறவேண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை வாரம் மூன்று நாள் மேலதிக வகுப்புக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், மாதம் ஒரு நாளைப் பல்லுக்கு ஒதுக்க இயலாது என்பது சற்று விந்தையே. இடைநடுவில் நிறுத்தினால், கம்பியைச் சுற்றிப் படியும் அழுக்கினால் நல்ல பற்களும் சூத்தையாகிவிடும். இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு பெறாத எவரிடமும், மலிவு என்பதற்காக, நிறக்கம்பி ஒட்டிக்கொள்ளுதல் பெருங்கேடு.

வளர்ந்தோர்க்கும் இச்சிகிச்சை செய்யலாம். காலம் சற்று மிகும், அவ்வளவே. ஆனால் அவர்களிடம் முதலிற் பார்க்கவேண்டியது பல்முரசு. துலக்கும்போது இரத்தம் கசிவது முரசு நோயின் அறிகுறி. நீரிழிவும் புகைத்தலும் அதனை வளர்க்கும். நாற்பது வயதுக்குமேல் முன்பற்கள் விலகி இடைவெளி விழுவது பலருக்கு இந்நோயினாலேயே. வெற்றிலைக் கூறோ இன்னும் கொடியது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் முடிவுசெய்திருக்கின்றது. இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் நிற்கின்றது. அதற்கு முன்னோடியாகக் கன்னத்தின் உட்தோல் இறுகி, வாய் இரண்டு விரலளவுகூடத் திறவாத நிலை சிலருக்கு ஏற்படுகின்றது. தூரிகையே நுழையாத வாயில் எந்தச் சிகிச்சையைச் செய்வது?

கம்பியைக் கழற்றிய நாளிலே வேலை முடிந்துவிடுவதில்லை. புது எலும்பு இறுகும்வரை பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதனைத் தடுக்கத் தகடு ஒன்று தரப்படும். முதலில் பகலும் இரவும், பின்னர் இரவில் மட்டும், வைத்தியர் சொல்லும் காலம் வரை அணியவேண்டும். அதைச் சுடுநீரில் கழுவினால் வளைந்துவிடும். சாப்பிடும்போது கழற்றினால் அதற்குரிய பெட்டியிலேயே வைக்கவேண்டும். கல்யாண வீட்டில் சஹனில் அமரும்போது தகட்டைக் கடதாசியிற் சுற்றி அருகே வைத்துவிட்டு, எலும்புகளோடு சேர்த்துக் குப்பையிற் போட்டுவிடும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அப்போது மீண்டும் அச்செடுக்கவேண்டும். மீண்டும் பேராதனை பஸ்தான்.