வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாராகும் எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. விண்ணப்பம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பாட்டு கேட்டேன், வால்பேப்பர் மாற்றினேன், மகளுக்கு கேம்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஆனால் நான் அதை வாங்கியது வேறு ஒரு காரியத்துக்காக. தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் 14 ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

2021-இல் அனுப்பிய முதல் விண்ணப்பம் தோற்றது. 2022-இல் அனுப்பியது வென்றது. 2024-இல் படித்து முடித்தேன். இரண்டு விண்ணப்பங்களுக்கும் இடையில் என் தேர்வு மதிப்பெண் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. தயாரித்த விதம்தான் மாறியது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இண்டர்நெட் இணைப்பும் இருந்தால் இந்த வேலையை நீங்களே எப்படி ஒழுங்காகச் செய்யலாம் என்று பார்ப்போம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. என்பது வேலையை விடாமல் அனுபவசாலிகள் படிக்கும் படிப்பு. 1943-இல் சிகாகோ பல்கலைக்கழகம் இதைத் தொடங்கி வைத்தது. நம் நாட்டில் பெயர்க் குழப்பம் அதிகம். பெங்களூரு ஐ.ஐ.எம்.மில் பி.ஜி.பி.இ.எம். என்பது வேலையில் இருந்துகொண்டே படிக்கும் 2 ஆண்டுப் படிப்பு. அதே இடத்தில் இ.பி.ஜி.பி. என்பது ஓராண்டு முழுநேரப் படிப்பு. வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பி.ஜி.பி.எக்ஸ்., கொல்கத்தா ஐ.ஐ.எம்.மின் எம்.பி.ஏ.இ.எக்ஸ். ஆகியவையும் ஓராண்டு முழுநேரப் படிப்புகளே. சென்னையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலையில் இருப்பவர்களுக்கென்றே எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. நடத்துகிறது.

சில மாதங்களில் முடியும் "எக்ஸிக்யூட்டிவ் சர்டிபிகேட்" படிப்புகளும் விளம்பரங்களில் நிறைய வருகின்றன. அவை பட்டம் அல்ல. எனவே முதல் வேலையாக, அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கே சென்று மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கிடைப்பது பட்டமா சான்றிதழா, வேலையை விட வேண்டுமா, எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். தகவல் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்து, கண்ட்ரோல் + பி அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் பி.டி.எப். ஆகச் சேமிக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் முழுவதும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பைலாகி விடும். விதிமுறை பற்றிப் பின்னால் சந்தேகம் வந்தால் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எக்ஸெல்லில் ஒரு பட்டியல்

புதிய எக்ஸெல் பைல் ஒன்றைத் திறந்து, ஏ பத்தியில் கல்வி நிறுவனம், பி பத்தியில் கடைசித் தேதி, அடுத்தடுத்த பத்திகளில் தேர்வு, கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், கட்டணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதை எக்ஸெல்லே சொல்லும். காலியான ஒரு செல்லில் சமக்குறி போட்டு, பி2 என்று டைப் செய்து, கழித்தல் குறி போடுங்கள். பிறகு டுடே என்ற பங்ஷனை, திறந்து மூடும் அடைப்புக் குறிகளோடு சேர்த்து என்டர் தட்டுங்கள். எண்ணுக்குப் பதில் தேதி போல ஏதாவது தெரிந்தால், செல்லின் பார்மட்டை நம்பர் என்று மாற்றினால் சரியாகிவிடும். தினமும் பைலைத் திறக்கும்போது அந்த எண் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்தால், வேலை தானாக நடக்கும்!

வெளிநாட்டு நிறுவனம் என்றால் நேரக் கணக்கும் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரை நேரப்படி இரவு 11.59 என்றால், அங்கே கோடைகால நேரம் நடக்கும்போது நமக்கு மறுநாள் காலை 9.29, குளிர்காலத்தில் 10.29. இதை நம்பிக் கடைசி நிமிடம் வரை காத்திருக்க வேண்டாம். பி பத்தியில் உண்மையான தேதிக்கு மூன்று நாள் முந்தைய தேதியைப் போட்டுவிடுங்கள்.

நுழைவுத் தேர்வு

சில நிறுவனங்கள் ஜிமேட், கேட் போன்ற மதிப்பெண்களைக் கேட்கும். சில தாங்களே தேர்வு நடத்தும். இப்போதைய ஜிமேட்டில் 64 கேள்விகள், தலா 45 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள். அனுபவசாலிகளுக்கென்றே 2016-இல் "எக்ஸிக்யூட்டிவ் அசெஸ்மென்ட்" என்ற சிறிய தேர்வு வந்தது. 40 கேள்விகள், 90 நிமிடம். இரண்டு மதிப்பெண்களும் 5 ஆண்டு செல்லும். நான் எழுதியது இந்தச் சிறிய தேர்வைத்தான். அதே மதிப்பெண்ணை இரண்டு ஆண்டும் பயன்படுத்தினேன்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது பெயர். பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது, நீங்கள் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். இல்லையென்றால் தேர்வு மையத்தில் உள்ளேயே விடமாட்டார்கள்.

நான் தோற்ற இடம்: கட்டுரை

முதல் ஆண்டு இரண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றுக்குக் கட்டுரை எழுதி முடித்ததும், அதே பைலை சேவ் அஸ் கொடுத்து வேறு பெயரில் சேமித்தேன். கண்ட்ரோல் + எச் அழுத்தி முதல் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு இரண்டாவது நிறுவனத்தின் பெயரைப் போட்டேன். எல்லாம் ஒரே கிளிக்கில் முடிந்தது என்று மகிழ்ச்சி. அனுப்பிவிட்டேன்.

இரண்டுமே கிடைக்கவில்லை. மறுப்புக் கடிதங்களில் காரணம் எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து பைலைத் திறந்து படித்தபோதுதான் கண்ணில் பட்டது. முழுப் பெயர் எல்லா இடத்திலும் மாறியிருந்தது. கடைசிப் பத்தியில் சுருக்கப் பெயர் மட்டும் பழைய நிறுவனத்துடையதாகவே இருந்தது. "உங்கள் நிறுவனத்தில் படிப்பதே என் கனவு" என்ற வரியில்!

அந்த ஆண்டு எங்கள் நிர்வாகம் பாதிக் கட்டணம் தருவதாகச் சொல்லியிருந்தது. அடுத்த ஆண்டு அந்தத் திட்டமே இல்லை. என் கவனக்குறைவால் போன பணம் அது என்று நினைத்து மனம் வெதும்பினேன்.

என் மனைவி கட்டுரையை வாங்கிப் படித்தாள். பெயர் விஷயத்தை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என்னங்க, இது யாரு கதை? உங்க பேரை எடுத்துட்டு எதிர்வீட்டு சார் பேரைப் போட்டாலும் பொருந்துமே?" என்று கேட்டாள். உண்மைதான். தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை, உலகத்தரம் என்று இண்டர்நெட்டில் படித்த மாதிரிக் கட்டுரைகளின் வார்த்தைகள்தான் அதில் இருந்தன. நான் இல்லை.

இரண்டாவது முறை வேறு விதமாக எழுதினேன். ஒருமுறை எங்கள் ஆபரேட்டர் ஒருவர், "சார், பேரிங் சத்தம் சரியில்லை" என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை இரவு பேரிங் உடைந்து லைன் 11 மணி நேரம் நின்றது. மாற்றுப் பேரிங் ஸ்டோரில் இல்லை. நான் மூன்று முறை கேட்டும் நிதிப் பிரிவு அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. ஆனால் என் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தால், மூன்று முறையும் "அவசரம், தேவை" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். லைன் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டவே இல்லை. எனக்கு இயந்திரத்தின் மொழி தெரிந்தது, பணத்தின் மொழி தெரியவில்லை. அதற்காகத்தான் எம்.பி.ஏ. இதையே எழுதினேன். நேர்முகத் தேர்வில் பாதி நேரம் அந்தப் பேரிங் பற்றித்தான் கேட்டார்கள்.

ஆகவே, கட்டுரை எழுதும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறினீர்கள்? அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்? இந்தப் படிப்பு இப்போது ஏன் வேண்டும்? அதன் பிறகு கீழ்க்கண்ட கம்ப்யூட்டர் வேலைகளைச் செய்யுங்கள்.

1. விண்ணப்பக் கட்டத்தில் நேரடியாக டைப் செய்யாதீர்கள். சிறிது நேரம் சும்மா இருந்தால் தளம் உங்களை வெளியேற்றிவிடும், எழுதியது போய்விடும். வேர்டில் எழுதுங்கள். பிறகு நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து காப்பி செய்து கட்டத்தில் ஒட்டினால் தேவையில்லாத பார்மட்டுகள் கூடவே வராது.

2. வார்த்தை வரம்பா, எழுத்து வரம்பா என்று பாருங்கள். எழுத்து வரம்பு என்றால் இடைவெளியும் பெரும்பாலும் கணக்கில் சேரும். வேர்டின் கீழ்ப் பட்டையில் வார்த்தை எண்ணிக்கை மீது கிளிக் செய்தால் இரண்டு கணக்கும் தெரியும்.

3. ரிவ்யூ டேபில் ரீட் அலவுட் என்ற வசதி புதிய வேர்டில் உண்டு. கட்டுரையைக் கம்ப்யூட்டரே வாசிக்கும். கண்ணுக்குத் தப்பிய தவறு காதில் மாட்டும்.

4. கண்ட்ரோல் + எப் அழுத்தி, மற்ற எல்லா நிறுவனங்களின் முழுப் பெயரையும் சுருக்கப் பெயரையும் ஊரையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒன்றுகூட அகப்படக் கூடாது.

5. நண்பரிடம் திருத்தக் கொடுத்திருந்தால், ரிவ்யூ டேபில் எல்லாத் திருத்தங்களையும் ஏற்று, கமெண்ட்டுகளை நீக்கிய பிறகே பி.டி.எப். ஆக்குங்கள்.

சாட்ஜிபிடி போன்றவை நொடியில் கட்டுரை எழுதித் தரும். ஆனால் என் மனைவி கேட்ட கேள்வி அதற்கும் பொருந்தும். அதோடு, இவற்றைப் பயன்படுத்துவது பற்றி நிறுவனங்கள் தனி விதி வைத்திருக்கலாம். அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பயோடேட்டா

"பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பு" என்று முதலில் எழுதியிருந்தேன். இரண்டாவது முறை, "இயந்திரங்கள் நின்ற நேரம் மாதம் 40 மணியிலிருந்து 14 மணியாகக் குறைந்தது" என்று மாற்றினேன். ஒவ்வொரு வரியிலும் என்ன செய்தீர்கள், எவ்வளவு மாறியது என்று இருக்கட்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எழுதிய எண்ணுக்குக் கணக்குக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதம்

பெரும்பாலும் உங்கள் மேலதிகாரியின் ஈமெயில் முகவரியைக் கேட்பார்கள். அவருக்கு ஒரு லிங்க் போகும். பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவரே மேல். ஒரு மாதம் முன்பே நேரில் கேளுங்கள். நீங்கள் சேர்ந்து செய்த மூன்று நான்கு வேலைகளை ஒரு பக்கத்தில் நினைவூட்டிக் கொடுங்கள்.

எங்கள் மேனேஜர், "நீங்களே எழுதிடுங்க, நான் அனுப்பிடறேன்" என்றார். கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அது முறையும் அல்ல. "சார், உங்க வார்த்தையில நாலு வரி இருந்தாலே போதும்" என்று கேட்டுக்கொண்டேன். நான்கு வரி கேட்டதற்கு முழுப் பக்கம் எழுதினார். லிங்க் வந்த மெயில் ஸ்பேம் போல்டரில் கிடக்கலாம். மூன்று நாள் கழித்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சான்றிதழ்கள்

ஸ்கேனர் இல்லாவிட்டால் கவலை இல்லை. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் அப்ளிகேஷனில் ஸ்கேன் வசதி இருக்கிறது; பி.டி.எப். ஆகவே கிடைக்கும். போட்டோ பைல் பெரிதாக இருந்தால் பெயிண்ட் புரோகிராமில் திறந்து ரீசைஸ் கொடுத்துச் சிறிதாக்கலாம். பைல் பெயரில் உங்கள் பெயரும் ஆவணத்தின் பெயரும் இருக்கட்டும். "ஸ்கேன் 1", "பைனல்", "பைனல் நியூ" என்றெல்லாம் வைத்தால் நீங்களே தவறான பைலை அனுப்பிவிடுவீர்கள். எல்லாவற்றையும் ஒரு போல்டரில் போட்டு, ஒரு நகல் பென் டிரைவிலும் ஒரு நகல் இண்டர்நெட்டிலும் வையுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜி.பி. வரை இலவசம். பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். அதை முதலிலேயே தொடங்குங்கள்.

பணக் கணக்கு

சேர்வதற்கு முன் எக்ஸெல்லில் இதையும் பாருங்கள். பி.எம்.டி. என்ற பங்ஷனில் மாத வட்டி, மாதங்கள், கடன் தொகை கொடுத்தால் மாதத் தவணை வரும். உதாரணமாக 10 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை சுமார் 21,247 ரூபாய். மொத்த வட்டி மட்டும் சுமார் 2.75 லட்சம். வட்டியை 12-ஆல் வகுத்துக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். நானும் மனைவியும் இந்தக் கணக்கைத் திரையில் பார்த்த பிறகுதான் கடனுக்குக் கையெழுத்துப் போட்டோம். சனி, ஞாயிறுகளில் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்பதையும் அன்றே பேசி முடித்தோம். அதற்கு எந்தப் பங்ஷனும் இல்லை.

நேர்முகத் தேர்வு

வீடியோவில் நடந்தால், கேமரா கண் மட்டத்திலும் வெளிச்சம் முகத்துக்கு எதிரிலும் இருக்கட்டும். முதல் நாளே நண்பரோடு ஒருமுறை பேசிப் பாருங்கள். மோடத்தையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள், மின்சாரம் போனால் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிப் பயனில்லை. அனுப்பிய விண்ணப்பத்தின் பிரிண்ட் அவுட் பக்கத்தில் இருக்கட்டும்.

நான் படித்து முடித்து வேலைக்குத் திரும்பியதும் முதலில் கேட்டது ஒரு மாற்றுப் பேரிங். இந்த முறை நஷ்டக் கணக்கு ஒரு பக்கம் இணைத்திருந்தேன். இரண்டே நாளில் அனுமதி வந்துவிட்டது.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இன்றே ஒரு போல்டரைத் திறந்து, அதற்கு நீங்கள் சேர விரும்பும் நிறுவனத்தின் பெயரை வையுங்கள். இரண்டு நிறுவனம் என்றால் மறக்காமல் இரண்டு போல்டர்!