உஷார்! ஆறு மாதத்தில் ‘விசேட கல்வி முதுமாணி’யாம்

சேர்மாரே, ரீச்சர்மாரே, முற்பணம் அனுப்ப முதல் இதை வாசியுங்கள். ‘விசேட கல்வியில் முதுமாணி, ஆறே மாதம், முழுக்க இணையவழி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம், இந்த வாரம் பதிந்தால் கழிவு’ என்று வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தால், அதில் முதலில் அகப்படுபவர் பதவி உயர்வுக்கு அலைபவர் அல்ல. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எப்படிப் படிப்பிப்பது என்று தெரியாமல் நித்திரை கொள்ளாத, நல்ல மனம் படைத்த ஆசிரியர்தான். எனக்குப் பதற்றம் அதனால்தான்.

எழுவைதீவை எடுங்கள். ஊர்காவற்றுறையில் படகேறிப் போகவேண்டிய சின்னஞ்சிறு தீவு. வாடைக் காலத்தில் கடல் குழம்பினால் போக்குவரத்தே கேள்விக்குறி. அங்கே ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, அல்லது எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்றால் எங்கே போவது? விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலையும் கொண்டாவில் சிவபூமி பாடசாலையும் கடலுக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு நாளும் போய்வர முடியாது. சின்னப் பிள்ளையை விடுதியில் விடத் தாய்க்கு மனம் வராது. ஆகவே அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கப்போகிற விசேட கல்வி முழுவதும் வகுப்பில் நிற்கிற ஆசிரியரின் கையில்தான். அந்த ஆசிரியர் பட்டப்பின் படிப்புப் படிக்க ஆசைப்படுவதைவிட நல்ல செய்தி ஒரு தீவுக்கு இல்லை. ஆனால் தீவில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு வகுப்புக்கு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டம் விற்பவர்களுக்கும் தெரியும். ‘வீட்டிலிருந்தே முடிக்கலாம்’ என்ற வார்த்தை அந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் வீசப்படுகிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, பாடநெறி வழி முதுமாணி 9ஆம் மட்டம். குறைந்தது 30 திறமைப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளிக்கு, சொந்தப் படிப்பையும் சேர்த்து, 50 மணித்தியாலம். மொத்தம் 1500 மணித்தியாலம். அதை 26 வாரத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 58 மணித்தியாலம் படிக்க வேண்டும். காலையில் படகு பிடித்துப் பள்ளிக்குப் போகிற ஒருவரால் இது நடக்கிற காரியமா?

அடுத்த வலை ‘லெவல் 7’. பிரித்தானியாவில் முதுமாணிக்குச் சமமான மட்டம் 7 என்பது உண்மை. ஆனால் அந்த மட்டத்தில் சான்றிதழ் நிறுவனம் ஒன்று தருகிற டிப்ளோமா, பல்கலைக்கழகம் தருகிற முதுமாணிப் பட்டம் ஆகாது. நம் நாட்டுச் சட்டகத்தில் 7 என்பது பட்டப்பின் சான்றிதழ், 8 பட்டப்பின் டிப்ளோமா. இலக்கத்தைக் காட்டிப் பட்டம் என்று விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பட்டத்தாளில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? பெயரைச் சொன்னால் இடையில் நிற்பவரை நம்பாமல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதி, அப்படியொரு பாடநெறி உண்டா, நீங்கள் அங்கே மாணவராகப் பதியப்படுவீர்களா என்று விசாரியுங்கள்.

முத்திரைகளைக் கண்டும் மயங்க வேண்டாம். 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்த, போலிப் பட்டம் விற்ற கராச்சி அக்ஸாக்ட் நிறுவனத்தின் கதை ஞாபகம் இருக்கட்டும். குறைந்தது 370 இணையத்தளங்கள். அவற்றில் பல இல்லாத பல்கலைக்கழகங்களுடையவை. அந்தப் பல்கலைக்கழகங்களுக்குத் தராதரம் வழங்குவதாகச் சொன்ன அமைப்புகளும் அவர்களே உண்டாக்கியவை. அப்போதைய அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஜோன் கெரியின் ஒப்பத்தோடு அத்தாட்சிப் பத்திரமும் விற்றார்கள். ஒப்பத்துக்கு அத்தாட்சி வேறு, படிப்புக்கு அங்கீகாரம் வேறு. அங்கீகாரத்தைக் கேட்க வேண்டிய இடம் கொழும்பு 7, வார்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள். கூடவே, தீவக வலயக் கல்விப் பணிமனையில் இந்தத் தகைமை உங்கள் சேவையில் ஏற்கப்படுமா என்றும் கேட்டு வையுங்கள்.

தமிழ்நாட்டுப் பட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே விசேட கல்வி ஆசிரியர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவின்றித் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் விதிக்கலாம். ஆகவே கவுன்சில் ஏற்ற பாடநெறியா என்று பாருங்கள். கல்வியியலில் எம்.பில். தருகிறோம் என்று யாரும் வந்தால் கதவைச் சாத்துங்கள். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் விதிகளிலேயே புதிய எம்.பில். பாடநெறிகளை நிறுத்திவிட்டது.

இவ்வளவும் காசும் காகிதமும் பற்றியவை. எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பிள்ளையையே காணாமல் படிக்கிற விசேட கல்வி. பிரெயில் விரலால் பழக வேண்டியது. சைகை மொழி, அதைப் பேசுபவர்களோடு இருந்து பழக வேண்டியது. ஒரு பிள்ளைக்கென்று தனியான கல்வித் திட்டம் எழுதி, மாதக் கணக்கில் நடத்தி, சரிவராத இடத்தில் மாற்றிப் பார்க்க வேண்டும். அதை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டும். களப்பயிற்சி எந்தப் பள்ளியில், எத்தனை நாள், மேற்பார்வை யார் என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லாத படிப்பில் சேராதீர்கள். பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தாலும் சேராதீர்கள். பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிற ஆசிரியர் ‘இந்தப் பிள்ளைக்கு இதற்கு மேல் வராது’ என்று சொன்னால், எழுவைதீவில் ஒரு தகப்பன் அதை வேறு யாரிடம் போய்ச் சரிபார்ப்பார்?

நேர்வழி இல்லாமல் இல்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய நிலையமும் இருக்கிறது. மகரகம தேசிய கல்வி நிறுவகமும் உண்டு. தமிழ் மொழிமூலம் இம்முறை உண்டா, நேரடி வகுப்புகள் யாழ்ப்பாணத்திலா கொழும்பிலா, படகு ஓடாத நாளில் வரவுக்கு என்ன செய்வது என்பதையெல்லாம் விண்ணப்பிக்க முதலே கேளுங்கள்.

ஏற்கனவே காசு கட்டியவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அடுத்த தவணையை நிறுத்துங்கள். பற்றுச்சீட்டு, வங்கிப் பதிவு, வட்ஸ்அப் செய்தி ஒன்றையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். ஏமாற்று என்று உறுதியானால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். ஆணைக்குழுவின் பதில் கைக்கு வரும்வரை அந்தச் சான்றிதழை உங்கள் சுயவிவரக் கோவையில் சேர்க்கவே வேண்டாம்.