பரிவும் பதிவேடும்

ஒரு தொழிலை நடத்த முதல் வேண்டும், கருவி வேண்டும், இடம் வேண்டும். இவை அனைத்தும் இருந்தும், ஆட்களை நடத்தத் தெரியாமல் நொடித்துப்போன தொழில்கள் பல. ஆட்களை நடத்துவது என்றதும், ‘முதலாளி நல்லவராக இருந்தால் போதாதா?’ என்று கேட்கத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். போதாது என்பதை என் தந்தையின் வாழ்வு எனக்குக் கற்பித்தது.

தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி மும்பைக்கு வந்தவர். பதினைந்து பேர் வேலை செய்த ஒரு பட்டறையில், கடைசல் இயந்திரத்தில் 18 ஆண்டுகள் உழைத்தார். பட்டறையின் உரிமையாளரான பெரியவர் தங்கமான மனிதர். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார்; எனக்கு மஞ்சட்காமாலை வந்தபோது மருத்துவச் செலவை அவரே ஏற்றார். ஆனால், வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஒரு துண்டுத் தாள்கூடக் கொடுக்கவில்லை. தந்தையும் கேட்கவில்லை. கேட்டால் அவரை ஐயுறுவதாக ஆகும் என்று நினைத்தார்.

2015-இல் பெரியவர் காலமானார். அவருடைய மகன் பொறுப்பேற்ற பிறகுதான் சம்பளச் சீட்டும் வருகைப் பதிவேடும் வந்தன. 2019-இல் முதுகுவலி தாங்காமல் தந்தை வேலையை விட்டார். அப்போது அவர் கையில் நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே சான்று இருந்தது. பணிக்கொடை பெறவோ, ஐந்து ஆண்டுப் பணி வேண்டும்.

1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு எளியது. மாதத்தை 26 நாள் எனக் கொண்டு, ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம் தர வேண்டும். தந்தையின் கடைசிச் சம்பளம் 15,600 ரூபாய். ஒரு நாளுக்கு 600. பதினைந்து நாளுக்கு 9,000. 18 ஆண்டுக்கு 1,62,000. கைக்கு வந்தது 40,000. அதுவும், ‘அப்பா காலத்து ஆள் ஆயிற்றே’ என்ற சொல்லோடு வந்தது. உரிமையாக வரவேண்டியது கருணையாக வந்தது.

வழக்காடியிருக்கலாமே என்பீர்கள். வழக்காட உடன் உழைத்தவர்களின் சாட்சி வேண்டும்; அவர்களுக்கும் அந்தப் பட்டறையில்தானே பிழைப்பு! “பெரியவர் இருந்திருந்தால் இப்படி நடக்குமா?” என்று அம்மா அழுதார்கள். குறை எங்கே என்பது அந்தக் கேள்வியிலேயே இருக்கின்றது. பெரியவரின் பரிவு அவரோடு போய்விட்டது. ஏட்டில் எழுதியிருந்தால் அவருக்குப் பின்னும் நின்றிருக்கும்.

பரிவை விதியாக எழுதி வைத்த தொழிலகமும் நம் நாட்டில் உண்டு. ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகு ஆலையில் எட்டு மணி நேர வேலை 1912-இலும், வைப்பு நிதி 1920-இலும், பணிக்கொடை 1937-இலும் வந்தன. வைப்பு நிதிக்கு நாட்டுச் சட்டம் வந்தது 1952-இல், பணிக்கொடைக்கு 1972-இல். அந்த ஆலையிலும் பூசல் இல்லாமல் இல்லை. 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. எனினும், விதியாக எழுதப்பட்டவை தலைவர்கள் மாறியபோதும் நிலைத்தன.

சிறு தொழில் நடத்துவோர் செய்யவேண்டியவை நான்கே. முதலாவது, நியமனக் கடிதம். வேலை, சம்பளம், நேரம், விடுமுறை, விலகுவதற்கு முன்னறிவிப்பு ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் பிற்காலப் பூசலில் பாதி குறையும். இரண்டாவது, தவறாத சம்பள நாளும் சீட்டும். மூன்றாவது, ஒருவரைத் தண்டிக்குமுன் குற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர் சொல்வதைக் கேட்பது. நான்காவது, விலகுவோரின் கணக்கை உடனே தீர்த்து, பணிச் சான்று கொடுத்து அனுப்புவது.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களும் இவற்றில் பலவற்றை வற்புறுத்துகின்றன. நியமனக் கடிதம் தருவது அவற்றின்படி முதலாளியின் கடமை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள் சேர வேண்டும். விலகியவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும்.

வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆளை ஆராய்ந்து வேலையை ஒப்படைக்கச் சொன்னார். ஆராய்ந்து தேர்ந்த பின் எழுதியும் வைக்க வேண்டும் என்பதே நான் சேர்க்க விரும்புவது. நான் வேதியியல் பயில்பவன். ஆய்வுக்கூடத்தில் எத்தனை கவனமாக அளந்தாலும், குறிப்பேட்டில் எழுதாத அளவை எங்கள் பேராசிரியர் ஏற்பதில்லை. தந்தையின் 14 ஆண்டு உழைப்பும் அப்படித்தான் கணக்கில் வராமல் போயிற்று.

நண்பர்களே! நம்மில் சிலர் தொழில் தொடங்கப்போகின்றோம். பலர் வேலைக்குப் போகப்போகின்றோம். வேலையில் சேரும் நாளில் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அது யாரையும் ஐயுறுவது ஆகாது. வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தால், அவர்கள் கேட்குமுன் கொடுங்கள்.